ராகியைத் தீயவிட்டது யார்?

சியாட்டிலில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஆனி மாதக் கடைசியில் ஊருக்கு வந்தபோது, எனக்கென்று ஒரு புட்டி ஒயின் கொண்டுவந்திருந்தான். அம்மா கூடத்தில் இல்லாத நேரம் பார்த்து, சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்திருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தான். “இது சாதாரண ஒயின் இல்லை மாமா. சாக்லேட் ஒயின்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தேன். சிவப்பு ஒயின், இயற்கையான சாக்லேட் மணம் சேர்த்தது என்று போட்டிருந்தது. ‘சேர்த்தது’ என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. “எசென்ஸ் ஊற்றியதா?” என்று கேட்டுவிட்டேன். பையன் முகம் சுருங்கிப்போனது. பாதி உலகத்தைத் தாண்டி ஒருவன் ஆசையாகக் கொண்டுவந்த பொருளுக்கு மாமன்காரன் சொல்லும் முதல் வார்த்தையா அது? அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னையே திரும்பித் திரும்பிக் குத்திக்கொண்டிருக்கிறது.

நான் அப்படிக் கேட்டதற்கு என் தொழிலும் ஒரு காரணம். இருபத்திரண்டு வருடங்களாகக் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். மே தொடங்கி ஜூலை வரை எங்களுக்கு இரவு பகல் கிடையாது. லாரி லாரியாக வந்து இறங்கும் கிளிமூக்கு, அதாவது நாங்கள் பெங்களூரா என்று சொல்லும் காய், பழுத்துக் கூழாகும்போது ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சொட்டு எடுத்து, ஒளி வளைவதை வைத்து இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்து பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்க்க வேண்டும். பெங்களூராக் கூழுக்குக் குறைந்தது 14, அல்போன்சாவுக்கு 16. பிறகு புளிப்பை அளக்க வேண்டும். இனிப்பும் புளிப்பும் எந்த இடத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்று பார்த்துப் பார்த்து நாக்கே ஒரு கருவியாகிவிட்டது. என் மனைவி பாயசம் வைத்தால் என்னிடம் கருத்துக் கேட்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

அன்றிரவு மொட்டை மாடியில் புட்டியைத் திறந்தோம். தக்கை இல்லை, திருகு மூடிதான். வெறும் நாக்கில் அது மோசமில்லை: முதலில் செர்ரிப்பழம் போன்ற ஒரு வாசம், அடுத்து கொக்கோ, கடைசியில் லேசான இனிப்பு. லேபிளின் பின்பக்கத்தில் எவற்றோடு சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது: சாக்லேட் கேக், ஸ்ட்ராபெரி, நீலம் பூத்த பாலாடைக்கட்டி. மூன்றில் எங்கள் ஊரில் கிடைப்பது கேக் மட்டும்தான். பையன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் அரை கிலோ வாங்கி வந்திருந்தான். ஒரு வாய் கேக், ஒரு மடக்கு ஒயின். அவ்வளவுதான், ஒயின் விழுந்துவிட்டது. சற்று முன் இருந்த இனிப்பையும் காணோம், கொக்கோவையும் காணோம். தண்ணீர் கலந்த புளிக்கரைசல் மாதிரி நாக்கில் நின்றது. “பார்த்தாயா?” என்றேன். எனக்கு அதில் ஒரு அற்ப மகிழ்ச்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரணம் எனக்குத் தெரிந்ததுதான். சர்க்கரை போட்ட டீயைக் குடித்துக்கொண்டே ஜிலேபி தின்றால் டீ கசக்கும், அதே கணக்கு. தட்டில் இருப்பது கோப்பையில் இருப்பதைவிட இனிப்பாக இருந்தால் கோப்பை தோற்றுப்போகும். அந்தப் பேக்கரி கேக்கின் மேல் இருந்த கிரீமுக்கு எதிரே எந்த ஒயினும் நிற்காது. ஆனால் அன்று அதையெல்லாம் பையனுக்கு விளக்கவில்லை. எசென்ஸ் என்று நான் சொன்னது சரியாகிவிட்டது என்ற திருப்தியில் படுக்கப் போய்விட்டேன். மறுநாள் காலை அவன் நண்பர்களைப் பார்க்க பெங்களூரு கிளம்பினான். புட்டியில் முக்கால் பங்கு அப்படியே குளிர்பெட்டியில் இருந்தது.

ஒயின் இல்லாத ஒயின் ஷாப்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் ஊரில் மதுக்கடைக்கு ஒயின் ஷாப் என்று பெயர். 2003-ல் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் வழியாக எடுத்துக்கொண்ட பிறகும் மக்கள் வாயில் அந்தப் பெயர் மாறவில்லை. அங்கே போய் ஒயின் கேட்பவரை நான் பார்த்ததில்லை. ஒயினைப் பற்றி இங்கே பலருக்கும் தெரிந்த ஒரே தகவல், அதைக் குடித்தால் உடம்பு சிவக்கும் என்பதுதான். கல்யாணத்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் அந்த வைத்தியம் செய்துகொண்ட ஓர் ஆளை எனக்குத் தெரியும். அவர் நிறம் இன்றுவரை மாறவில்லை.

குடி என்ற சொல்லுக்கு ருசியோடு தொடர்பு உண்டு என்பதே எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அப்பா குடித்தார். என்ன குடித்தார், அது எப்படி இருந்தது, எதோடு சாப்பிட்டார் என்றெல்லாம் எங்களில் யாரும் யோசித்ததில்லை. சம்பள நாள் என்றால் அம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். அவர் படியேறும்போதே மூக்கால் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வாள். எவ்வளவு குடித்திருக்கிறார், பையில் எவ்வளவு மிச்சம் இருக்கும், இன்றிரவு பேசலாமா கூடாதா எல்லாம் அந்த ஒரு மூச்சில். அப்பா போய்ப் பதினேழு வருடங்கள் ஆகிவிட்டன. அந்த மூக்கு மட்டும் வேலையை விடவில்லை. நான் வருடத்தில் இரண்டு முறை நண்பர்களோடு பீர் குடித்துவிட்டு, வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக வருபவன். ஐம்பத்தொரு வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆடி ஒன்று

மூன்றாம் நாள் ஆடி பிறந்தது. காரிமங்கலத்தில் எங்கள் தெருவில் அன்று மாலை வீட்டுக்கு வீடு தேங்காய் சுடுவார்கள். முற்றிய தேங்காயின் நாரை உரித்து, ஓட்டை வழவழப்பாகத் தேய்த்து மஞ்சள் பூசி, கண்ணைத் துளைத்து, உள்ளே வறுத்த பாசிப்பருப்பும் எள்ளும் பொட்டுக்கடலையும் அவலும் வெல்லமும் திணித்து, குச்சி செருகி நெருப்பில் காட்டுவது. ஓடு கருகி வெடிக்கும்போது வரும் வாசம் தெரு முழுக்க நிற்கும். பிள்ளையாருக்கு வைத்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும்.

அன்று பகல் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு அலுப்போடு வந்தேன். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வாசலில் நெருப்பைச் சுற்றி இருந்தார்கள். குளிர்பெட்டியைத் திறந்து, ஒரு எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரற்கடை அளவு ஒயினை ஊற்றி, சமையலறை மேடையில் வைத்தேன். நல்ல நாளில் இதைச் செய்திருக்கக் கூடாதுதான். அதற்குள் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. கொல்லைப்புறம் போய்ப் பேசிவிட்டுத் திரும்பும்போது, அம்மா அந்த டம்ளரைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு கணம் பத்து வயதாகிவிட்டது.

அம்மா தலையைத் திருப்பி, என் மனைவியைத்தான் கூப்பிட்டாள். “இங்கே வா கண்ணு. ராகியைத் தீயவிட்டது யார், நீயா?” என் மனைவி உள்ளே வந்து டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேசாமல் நின்றாள். மாமியாருக்கு ராகி மால்ட் ஆற்றிக் கொடுப்பது அந்த டம்ளரில்தான். முளைகட்டி, காயவைத்து, வறுத்து, அரைத்து வைத்திருக்கும் மாவு. வறுக்கும்போது அரை நிமிடம் கவனம் தப்பினாலும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். “கொஞ்சம்தான் தீய்ந்திருக்கிறது, வெல்லம் போட்டால் சரியாகிவிடும்” என்று அவளே சமாதானமும் சொன்னாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். டம்ளரை வாங்கிக் கொட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம். என்ன தோன்றியதோ, “அம்மா, அது ராகி இல்லை. ஒயின்” என்று சொல்லிவிட்டேன். அம்மா மறுபடி முகர்ந்தாள். இந்த முறை மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. வாசலில் ஒரு தேங்காய் வெடித்த சத்தம் கேட்டது. “அந்த வாடை இதில் இல்லையே” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இல்லாவிட்டால் என்ன, அதுதானே இதுவும்” என்று டம்ளரை மேடையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். கோபமா, வருத்தமா, ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கமா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. முப்பது வருடம் அப்பாவின் சட்டையை முகர்ந்து எல்லாவற்றையும் கண்டுபிடித்தவளின் மூக்கு, பன்னிரண்டரை சதவீத ஆல்கஹாலைத் தாண்டிப் போய் ராகியைப் பிடித்திருக்கிறது. நானோ, நாக்கே கருவி என்று பெருமை பேசுகிறவன், மூன்று நாளாக அதில் எசென்ஸைத் தவிர வேறொன்றையும் காணவில்லை.

தீய்ந்ததன் உறவினர்கள்

டம்ளரை எடுத்து நானும் முகர்ந்தேன். அம்மா சொன்ன பிறகு வேறெதுவுமே வரவில்லை, ராகிதான். இதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. தானியம் முளைக்கும்போது அதன் மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது, புரதம் அமினோ அமிலங்களாக உடைகிறது. வறுக்கும்போது இரண்டும் கைகோத்துப் பழுப்பு நிறத்தையும் வாசத்தையும் தருகின்றன. 1912-ல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கிய வினை இது. கொக்கோ விதையை வறுக்கும்போதும் வேர்க்கடலையை வறுக்கும்போதும் நடப்பது அதேதான், பைரசின் என்ற வாசப் பொருள்கள் எல்லாவற்றிலும் பொது. அதைவிட என்னை உட்கார வைத்தது இன்னொரு விஷயம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடே கொக்கோ வளர்க்கிறார்கள். காயை உடைத்ததும் விதை சாக்லேட் வாசம் அடிக்காது. வெள்ளைச் சதையோடு குவித்து மூடி ஐந்தாறு நாள் புளிக்கவைக்க வேண்டும். சதையிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் முதலில் ஆல்கஹாலாக்கும், பிறகு பாக்டீரியா அதைக் காடியாக்கும், அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் விதை செத்த பிறகுதான் சாக்லேட்டின் வாசத்துக்கு வித்து விழும். அதாவது ஒவ்வொரு சாக்லேட்டும் தன் வாழ்க்கையில் இரண்டு நாளாவது கள்ளாக இருந்திருக்கிறது. ஒயினும் சாக்லேட்டும் ஒரே புட்டியில் சேர்ந்ததைக் கள்ளக்கலப்பு என்று நான் பேசியிருக்கக் கூடாது.

‘சேர்த்தது’ என்ற சொல்லும் அவ்வளவு கேவலமானதன்று. எதுவும் சேர்க்காத சிவப்பு ஒயினிலேயே சில சமயம் கொக்கோ வாசம் வரும், அதில் ஒரு பங்கு ஓக் மரப் பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் வாட்டுவதால் வருவது. இத்தாலியின் பியெமோந்தே பகுதியில் பரோலோ ஒயினில் சின்கோனா பட்டையும் மசாலாவும் ஊறவைத்து பரோலோ கினாத்தோ என்று செய்கிறார்கள். அங்கே சாக்லேட்டோடு குடிப்பதே அதைத்தான். 1720-களில் இங்கிலாந்தில் அச்சான ஒரு சமையல் அகராதியில் சாக்லேட் ஒயினுக்குச் செய்முறை இருக்கிறது: ஷெர்ரி அல்லது சிவப்பு போர்ட் ஒயின், சாக்லேட், சர்க்கரை, கெட்டிப்படக் கொஞ்சம் கஞ்சிமாவு. முந்நூறு வருடப் பழைய கூத்து இது, அமெரிக்காக்காரன் நேற்றுக் கண்டுபிடித்ததன்று.

இதையெல்லாம் விடுங்கள். என் தொழிற்சாலையிலிருந்து போகும் பெங்களூராக் கூழ் எங்கே போகிறது? கூழுக்கும் விளைச்சலுக்கும் அது நல்ல பழம். வாசத்தில் அல்போன்சாவின் பக்கத்தில் நிற்காது. புட்டியில் அடைத்து விற்கும் மாம்பழ பானங்கள் பலவற்றின் லேபிளில், எழுத்து எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ‘சேர்க்கப்பட்ட மணம்’ என்ற வரி உண்டு. இருபத்திரண்டு வருடங்களாக அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சம்பளம் வாங்கி வீடு கட்டியவன், அக்கா மகனிடம் எசென்ஸ் ஊற்றியதா என்று கேட்டிருக்கிறேன்.

தொட்டுக்கொள்ள

பிறகு நடந்ததைச் சோதனை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளையாருக்கு வைத்து உடைத்த தேங்காயில் என் பங்காக இரண்டு சில்லு வந்தது. கொல்லைப் படியில் உட்கார்ந்து, கருகிய ஓரத்தோடு ஒரு கடி, ஒரு மடக்கு. கேக்கோடு விழுந்த அதே ஒயின் எழுந்து உட்கார்ந்தது. வெல்லம் இருந்தாலும் தேங்காயின் எண்ணெய் அதை அடக்கிவிட்டது. புகையும் எள்ளும் கொக்கோவின் கையைப் பிடித்துக்கொண்டன. அந்தப் பட்டியல் போட்டவனுக்கு ஸ்ட்ராபெரி கிடைத்தது, எனக்குச் சுட்ட தேங்காய் கிடைத்தது. நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அடுத்த நாள் ஓட்டோடு மணலில் வறுத்த வேர்க்கடலை, கொஞ்சம் உப்பு. அதுவும் சரியாக வந்தது, உப்பு கசப்பைத் தணித்துவிடுகிறது. கார மிக்சர் படுதோல்வி. மிளகாயை உணரும் அதே நரம்பு வாயிலை ஆல்கஹாலும் தட்டுவதால் எரிச்சல் இரட்டித்தது, அதை அணைக்கும் அளவுக்கு அந்த ஒயினில் இனிப்பு இல்லை. புளிக்குழம்புச் சோறு அதைவிட மோசம். தட்டின் புளிப்பு கோப்பையின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். சாலை நெடுகப் புளியமரம் நிற்கும் மாவட்டத்தில் ஒயினுக்கு இது பெரிய சோதனைதான். இன்னொன்று, இந்த வகை ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘அறை வெப்பம்’ என்கிறார்களே, அது அவர்கள் ஊர்க் கல்வீட்டின் 16, 17 டிகிரி. ஆடிக் காற்று அடித்தாலும் என் சமையலறை முப்பதுக்குக் கீழே இறங்காது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரத்தில் குடித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ராகிக் களியும் ஆட்டுக்கறி மிளகு வறுவலும். சிவப்பு ஒயினின் உயிரே துவர்ப்பில்தான் இருக்கிறது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின், எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை வறளவைக்கிறது. பாக்கு மென்றவனுக்கும் வாழைப்பூ தின்றவனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை, அறுசுவையில் அதற்கு நாம் தனி இடமே கொடுத்திருக்கிறோம். என் புட்டியில் குறைந்திருந்தது அதுதான். சாக்லேட்டும் இனிப்பும் சேர்ந்து அதை மூடியிருந்தன. ராகித் தவிட்டிலோ டானின் நிறைய உண்டு. கறிக்கொழுப்பில் புரட்டிய களி உருண்டை ஒன்று, பின்னால் ஒரு மடக்கு. இல்லாத துவர்ப்பைக் களி கொடுத்தது, களிக்கு இல்லாத பழவாசத்தை ஒயின் கொடுத்தது. ஒரே சிக்கல், எல்லாப் புத்தகத்திலும் உணவை நன்றாக மென்று வாயில் நிறுத்தி ஒயினோடு கலக்கச் சொல்கிறார்கள். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். மென்று பார்த்தேன். பல்லில் அப்பியதுதான் மிச்சம்.

எங்கள் தர்மபுரியின் பழைய பெயரான தகடூர் என்றால் எல்லோரும் நெல்லிக்கனியைச் சொல்வார்கள். எனக்கு அன்று நினைவுக்கு வந்தது, அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டு. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாட அவனும் மகிழ்ந்து உண்பான் என்று தொடங்கி, எலும்போடு கறி இருக்கும் இடமெல்லாம் எங்களுக்கே தருவான் என்று அழுகிறாள். கள்ளும் கறியும் ஒரே பாட்டில் வருகின்றன. குடித்தவனைப் பற்றி ஒரு பெண் இவ்வளவு அன்பாகப் பேச முடிந்திருக்கிறது இந்த மண்ணில். அம்மா பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து களி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் டம்ளரைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வறுவலை இரண்டாம் முறை எனக்கு வைக்கவும் இல்லை.

நான் இதுவரை சொல்லாமல் தள்ளிக்கொண்டு வந்த ஒன்று இருக்கிறது: மாம்பழம். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரன் வேறெதை முதலில் எடுப்பான்? உண்மையில் தேங்காய்க்கு முன்பே, அந்தக் கேக் இரவுக்கு மறுநாளே, பழுத்த பெங்களூரா இரண்டு துண்டு வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. செந்தூராவை நம்பினேன், அது இன்னும் இனிப்பு, கேக்கின் கதைதான். கடைசியாக உப்பும் மிளகாய்த் தூளும் தூவிய பச்சைக் காய். அதற்குப் பிறகு ஒயின் ஊற்றியது தண்ணீரா என்று டம்ளரை எட்டிப் பார்க்கும்படி ஆனது. ரிஃப்ராக்டோமீட்டரில்கூட ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். ஏதோ ஓர் எண் காட்டியது. ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும் என்பதால் அந்தக் கருவி ஒயினிடம் பொய்தான் சொல்லும் என்பது பிறகுதான் உறைத்தது.

புட்டி காலியானதும் பையனுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். எசென்ஸ் என்று சொன்னதற்கு வருத்தம் தெரிவித்தேன், தேங்காய், வேர்க்கடலை, களி, மிளகு வறுவல் எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். பாட்டி ராகி என்று ஏமாந்ததையும் எழுதினேன். அதற்கு அவன் சிரித்துச் சிரித்துப் பதில் அனுப்பினான். அதன் கீழே ஒரு வரி: “நம் ஊர் மாம்பழத்தோடு பிரமாதமாக இருந்திருக்குமே, அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே மாமா?”

செய்தி வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பதில் போடவில்லை.